பெட்டி புறப்பட்டது ஆனியில், நான் புறப்பட்டது ஆடியில்

என் அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் இங்கே நனைந்துகொண்டு சுகமாக இருக்கிறோம். நீ சென்னை வெயிலில் காய்ந்துகொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன வாரம் பிடித்த சாரல் இன்னும் விடவில்லை. கொடியில் போட்ட வேஷ்டி காயவில்லை என்று உன் அம்மா அதை அடுப்படிக்குள் கட்டி உலர்த்துகிறாள். நானும் போகிற இடமெல்லாம் புகை வாசத்தோடு போய் வருகிறேன். குற்றாலத்தில் பேரருவியில் தலையை நீட்ட இடமில்லையாம். ஐந்தருவிக்குப் போகிற பாதையில் மாங்காயும் பலாச்சுளையும் விற்கிறவர்கள் வரிசையாகக் கடை போட்டுவிட்டார்கள். யுத்தம் முடிந்து வருகிற நல்ல சீசன் என்று ஊரே துள்ளுகிறது. இதையெல்லாம் எழுதி உனக்கு ஆசை காட்டக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன். எடுத்ததும் அதைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. அதில் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் உனக்கு இங்கிலீஷ் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது, முதல் நாள் ‘பிகின்’ என்ற வினைச்சொல்லை நடத்தச் சொல்லியிருக்கிறார்கள், ஆயுள் முழுக்க இங்கிலீஷ் வாத்தியாராகக் காலம் தள்ளிய அப்பா அதை எப்படி நடத்துவார் என்பது ஒன்று. வருகிற திங்கட்கிழமை சேராவிட்டால் அந்த இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள், அப்பாவோ ‘ஆடி பிறந்துவிட்டது, ஊருக்கு வந்து எங்களைப் பார்த்துவிட்டு ஆவணியில் போய்ச் சேரலாம்’ என்று போன கடிதத்தில் எழுதிவிட்டார், இப்போது யார் பேச்சைக் கேட்பது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் இரண்டாவதற்கும் பதில் அதிலேயே வந்துவிடும் போலிருக்கிறது. ஆனால் நான் வாத்தியார். சுற்றி வளைக்காமல் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான்.

முதலில் பாடம். ‘பிகின்’ என்றால் தொடங்கு. அகராதியில் அவ்வளவுதான் இருக்கும். பிள்ளைகளும் அதை ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு, அடுத்த சொல் என்ன என்று உன் முகத்தைப் பார்ப்பார்கள். நீ உடனே கரும்பலகையில் பிகின், பிகேன், பிகன் என்று எழுதிக் கோரஸ் போட விட்டாயானால் உன் தொண்டையும் போச்சு, பாடமும் போச்சு. ‘ஸ்டார்ட்’ என்று இன்னொரு சொல் இருக்கிறதே என்று ஒருத்தி கட்டாயம் கேட்பாள். அது நம் ஊர் டிரைவர்களுக்கும் தெரிந்த சொல். மோட்டாரை ஸ்டார்ட் பண்ணலாம், பிகின் பண்ண முடியாது. ரயிலும் ஸ்டார்ட்தான் ஆகும். மழை இரண்டும் ஆகும், பள்ளிக்கூடமும் இரண்டும் ஆகும், இன்ஸ்பெக்டர் வந்து எது சரி என்று கேட்டால் இரண்டும் சரி என்று தைரியமாகச் சொல். கோர்ட்டு நோட்டீஸில் இவை போதாதென்று ‘கமென்ஸ்’ என்று ஒன்று கோட்டும் தலைப்பாகையுமாக வரும். அதை உன் வகுப்புப் பக்கமே அண்டவிடாதே. ‘பிகின்’ தனியாக நிற்கப் பிடிக்காத சொல். பின்னால் ஒரு வேலை வர வேண்டும் அதற்கு. படிக்கத் தொடங்கினாள், எழுதத் தொடங்கினாள், சிரிக்கத் தொடங்கினாள் என்று வேலையைச் சேர்த்தே சொல்லிக் கொடு. ஒருத்தியை எழுப்பி இரண்டு வரி படிக்கச் சொல்லு. அவள் வாயிலிருந்து சத்தம் வந்த பிறகுதான் மற்றவர்கள் ‘அவள் படிக்கத் தொடங்கினாள்’ என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நிற்கிற பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொல்ல விடாதே. என் சர்வீஸ் முழுக்க இந்த ஒரு விஷயத்தில் நான் கறாராக இருந்தேன். ஏன் என்று மாணவர்கள் யாருக்கும் சொன்னதில்லை, உனக்குச் சொல்கிறேன்.

உன் அம்மாவை நான் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன் நடந்தது இது. எங்கள் குடும்பத்தில் வயலை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். படித்து முடித்த பிறகு உழவும் தெரியாமல் உத்தியோகமும் கிடைக்காமல் வீட்டில் சோற்றுக்குப் பாரமாக இருந்தேன். ‘இங்கிலீஷ் படிச்ச பிள்ளை’ என்று தெருவில் சொல்லும்போது அது பாராட்டா, கேலியா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும். அப்படி இருக்கையில் ஓர் ஆனி மாதம், சங்கரன்கோயிலுக்கு அப்பால் திருவேங்கடம் என்ற ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. சின்ன வகுப்புகளுக்கு இங்கிலீஷ் நடத்த வேண்டும், அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை வந்து சேர வேண்டும். உன் தாத்தா ஆர்டரை ஒரு தரம் பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ஆனால் அன்று சாயங்காலம் விசுவநாதர் கோயிலுக்குப் போனவர், கோபுர வாசல் காற்றில் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்லிவிட்டு வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். சேர வேண்டிய திங்கட்கிழமை ஆடியில் விழுந்தது. ஆடியில் யாராவது புதுக் காரியம் தொடங்குவார்களா? என் அம்மாவின் அண்ணன், நீ பஞ்சாங்க மாமா என்று பெயர் வைத்திருக்கிறாயே அவர்தான், ஒரு வழி கண்டுபிடித்தார். ஆனி முடிவதற்குள் நல்ல நாள் பார்த்துப் பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றார். உன் காலத்தில் இது குறைந்துவிட்டதால் சொல்கிறேன். குறித்த நல்ல நேரத்தில் ஆள் புறப்பட முடியாவிட்டால், அவன் பெட்டியை மட்டும் அந்த நேரத்தில் வாசல் தாண்டச் செய்து வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் பிறகு தோதுப்படும்போது போய்க்கொள்ளலாம். ஆனால் வைத்த பெட்டி மட்டும் திரும்பி வீட்டுக்குள் வரக் கூடாது, வந்தால் பயணம் கெட்டுப்போகும். ‘ஏலே, பெட்டி ஆனியில வாசலைத் தாண்டிட்டுன்னா நீ தாண்டுன கணக்குதாம்லே. பெறகு ஆடியில போனா என்ன, எப்பப் போனா என்ன’ என்றார் மாமா. ஆர்டர் போட்டவர்களே இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்படியே செய்தோம். அடுத்த தெருவில், தூரத்து உறவில் எனக்கு அத்தை முறையாக வேண்டியவர்கள் வீட்டில் பெட்டியை வைப்பதென்று முடிவாயிற்று. என் அம்மா இருந்த நல்ல வேஷ்டி, சட்டை, துண்டு, கோட்டு, எண்ணெய்க் குப்பி எல்லாவற்றையும் அந்தத் தகரப் பெட்டிக்குள் அடுக்கினாள். வாசலில் வைத்துப் பெட்டிக்கு ஆரத்தி எடுத்தாள். சுமக்க வந்த ஆள் அதைத் தலையில் தூக்கியதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள் பார், தெருவே கூடிவிட்டது. பெட்டி முடுக்குத் திரும்பி மறைந்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினவள், பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்துப்போனாள். எனக்கும் அந்த நிமிஷத்தில் எங்கே நிற்பது, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிறகு இரண்டு பேரும் உள்ளே போய்ச் சாப்பிட்டோம்.

ஆடி பிறந்தது. போட்டுக்கொள்ளச் சட்டை வேண்டுமென்றால் பெட்டி அத்தை வீட்டில் இருக்கிறது, அதை இங்கே கொண்டுவரவும் கூடாது. ஆகவே தினமும் காலையில் குளித்துவிட்டு, இடுப்பில் பழைய வேஷ்டியும் தோளில் துண்டுமாக அடுத்த தெருவுக்கு நடப்பேன். பெட்டியைத் திறந்து சட்டை மாற்றுவேன். வந்த பிள்ளையைச் சும்மா அனுப்பலாமா என்று அத்தை தோசை வார்ப்பாள். அந்த வீட்டுப் பெண் தோசைக்குத் துவையல் கொண்டு வந்து வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் போய்ச் சிரிப்பாள். எனக்கு அந்தத் துவையலும் பிடித்திருந்தது, சிரிப்பும் பிடித்திருந்தது. இதை இப்போது என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துக்கொண்டிருக்கிற உன் அம்மா, தான் சிரிக்கவே இல்லை என்று சொல்கிறாள். நீ நம்ப வேண்டாம்.

நான் ஏன் அன்றே புறப்பட்டுப் போகவில்லை என்று நீ கேட்பாய். போகத்தான் இருந்தேன். திங்களும் சனியும் கிழக்கே சூலம், செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். திருவேங்கடம் நமக்கு வடகிழக்கில் இருப்பதால் மாமாவின் கணக்கில் இரண்டு சூலமும் எனக்குச் சேர்ந்தே கிடைத்தன. வியாழக்கிழமை பார்த்தால் அமாவாசை. வெள்ளிக்கிழமை பிள்ளையை வீட்டை விட்டு அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் திருநெல்வேலியிலிருந்து உறவுக்காரர்கள் சீசனுக்கு வந்து இறங்கினார்கள். அவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டாமா? நானும் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றேன். சேர வேண்டிய திங்கட்கிழமை வந்தது, போயிற்று. அப்போதும் எனக்குப் பதற்றமே இல்லை. அதுதான் அதில் உள்ள அதிசயம். பெட்டி போன நாளிலிருந்து எனக்குள்ளேயும் ஏதோ ஒரு வேலை முடிந்துபோன மாதிரி நிம்மதி வந்துவிட்டது. யாராவது ‘போகலியா?’ என்று கேட்டால், ‘கெளம்பியாச்சு’ என்று மனசாரச் சொல்லுவேன்.

அந்த வாரம் ஹெட்மாஸ்டரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. வியாழக்கிழமைக்குள் வராவிட்டால் வேறொருவரை வைத்துக்கொள்வோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார். வீட்டில் எல்லோரும் மாமா முகத்தைப் பார்த்தோம். மாமா கலங்கவில்லை. ‘ஆனியிலேயே கெளம்பிட்டேன்னு எழுதிப் போடுலே. பொய்யா சொல்லுதோம்?’ என்றார். நானும் உட்கார்ந்து, என் இங்கிலீஷ் முழுவதையும் திரட்டி, பயணத்தை ஆனி மாதமே ‘பிகின்’ செய்துவிட்டேன் என்று எழுதினேன். எழுதியது எனக்கே அழகாகத் தெரிந்தது. மறுநாள் புதன்கிழமை காலையில் சட்டை மாற்றப் போன இடத்தில் அதை அத்தைக்கு வாசித்துக் காட்டித் தமிழில் அர்த்தமும் சொன்னேன். அத்தை பூரித்துப்போனாள். அப்போது துவையல் கிண்ணத்தோடு நின்ற பெண், முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினாள்.

‘அத்தான், நீங்க தொடங்கியாச்சுன்னு எழுதிட்டிய. சரி. அங்கன பிள்ளைகளுக்கு இன்னைக்கு யாரு பாடம் சொல்லுதா?’

நான் பிட்ட தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். வயசுப்பிள்ளை பேசுகிற பேச்சா என்று அத்தை அவளை அதட்டி உள்ளே அனுப்பினாள். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். நான் எழுதிய கார்டைத் தபாலில் போடவில்லை, சட்டைப் பையிலேயே கிடந்தது. அன்று முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் தேடினேன். ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள் வாத்தியார் இல்லாமல் சத்தம் போட்டுக்கொண்டிருப்பது என் காதிலேயே கேட்டது. என்றாலும் மறுநாள் வியாழன், நாள் எப்படி என்று மாமாவைக் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேனே தவிர, புறப்படுவேன் என்று நினைக்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை வழக்கம்போல் அத்தை வீட்டுக்குப் போனால், பெட்டி இருந்த மூலை காலி. அத்தை என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவளும் கூட்டு என்று அப்போதே புரிந்தது. உன் அம்மா கதவுக்குப் பின்னால் ஒளியாமல் நடு வீட்டில் வந்து நின்றாள்.

‘பெட்டி முதல் பஸ்ஸுக்குப் போயிட்டு அத்தான். சட்டை மாத்தணும்னா இனிமே திருவேங்கடத்துலதான் மாத்தணும்.’

ஓடினேன். சாரலில், ஈர வேஷ்டியும் துண்டுமாக, தெருவில் நாய் துரத்த ஓடினேன். பஸ் அப்போதே போயிருக்க வேண்டியது. இரவெல்லாம் நனைந்த இஞ்சின், டிரைவர் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றச் சுற்ற இருமிக்கொண்டு நின்றது. கூரைமேல் மூட்டைகளுக்கு நடுவே என் பெட்டி எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தது. நான் உள்ளே ஏறி உட்காரவும் இஞ்சின் பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. சங்கரன்கோயிலில் இறங்கிச் சட்டை போட்டுக்கொண்ட பிறகுதான் மனுஷனானேன். அங்கிருந்து மாட்டு வண்டி. சாரல் எங்கேயோ பின்னால் நின்றுபோய், இரண்டு பக்கமும் மழைக்குக் காத்துக் கிடக்கிற கரிசல் காடு வந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தோடேயே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

ஹெட்மாஸ்டர் கறுப்புக் கோட்டுப் போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். ஏன் இவ்வளவு தாமதம் என்று இங்கிலீஷில் கேட்டார். பரஸ்தானத்தை இங்கிலீஷில் விளக்கப் புகுந்து பாதியில் மாட்டிக்கொண்டு விழித்தேன். அவர் சிரித்துவிட்டார். ‘எங்க ஊர்லயும் பெட்டி வைப்போம் தம்பி. ஆனா பின்னாலயே ஆளும் போயிருவான்’ என்று தமிழில் சொல்லிவிட்டு, சாக்குக்கட்டியைக் கையில் கொடுத்து, இன்றைக்கு ‘பிகின்’ என்ற சொல்லை நடத்தும் என்று வகுப்பைக் காட்டினார். வேண்டுமென்றுதான் செய்தார். கரும்பலகையில் முதல் எழுத்தே கோணலாக விழுந்தது. பிள்ளைகளை ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். முன் வரிசையில் ஒருவன் எழுந்து, மழை தொடங்கிற்று என்பதற்கு இங்கிலீஷ் கேட்டான். சொன்னேன். வகுப்பே அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஜன்னல் வழியாக ஒரு மேகமும் இல்லாத வானத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு எழுதிய அடுத்த எழுத்து நேராக நின்றது. நான் வாத்தியாரானது அப்போதுதான்.

மாமாவைக் கேலி செய்வதற்காக இதையெல்லாம் எழுதினேன் என்று நினைத்துவிடாதே. தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றேன். சொல்லிக்கொள்ளாமல் ஓடிப்போனவன் அல்லவா? அவள் எனக்கு இலை போட்டுக்கொண்டே, ‘பெட்டி போன அன்னைக்கே அழுது தீத்துட்டேன்லா. நீ போன அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே தெரியலைலே’ என்றாள். அன்றைக்குத்தான் அந்த வழக்கத்தின் அருமை எனக்குப் புரிந்தது. வீட்டில் இருக்கிறவர்கள் மனசைத் தேற்றிக்கொள்ள அது கொடுக்கிற அவகாசம் நல்லதுதான். போகிறவன் அதில் பங்கு கேட்டு உட்கார்ந்துவிட்டதுதான் தப்பு. அடுத்த தையில் எனக்கும் அந்தத் துவையல்காரிக்கும் கல்யாணம் நடந்தது. நாள் பார்த்தது மாமாதான், நல்ல நாளாகத்தான் பார்த்துக் கொடுத்தார்.

இனி உன் இரண்டாவது கேள்வி. ஆடி என்று நான் எழுதியதற்கு மாமா காரணமில்லை. அவருக்கு இப்போது காது மந்தம், உனக்கு வேலை கிடைத்ததையே இன்னும் முழுசாக வாங்கிக்கொள்ளவில்லை. நான்தான் எழுதினேன். இரண்டு வருஷம் ஹாஸ்டலில் இருந்துவிட்டு வருகிற பெண், சீசன் நேரம், அருவியில் தண்ணீர், உன் அம்மா கைச் சமையல், நீ வீட்டுக்குள் நடமாடுகிற சத்தம், இதெல்லாம் ஒரு மாதமாவது எனக்கு வேண்டும் என்று இருந்தது. அதை அப்படியே எழுத வெட்கப்பட்டு ஆடியின் தலையில் போட்டேன். உன் கடிதத்தைப் படித்த பிறகும், பள்ளிக்கூடத்துக்கு ஒரு தந்தி கொடுத்து நாள் கேட்டால் என்ன என்றுதான் உன் அம்மாவிடம் யோசனை கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

‘வராதேன்னு எழுதுங்க. உங்களுக்குக் கை வரலைன்னா தள்ளுங்க, நான் எழுதுதேன்’ என்றாள்.

சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. புகை என்றாள் பிறகு. நானும் மாடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். ஆகையால் எங்கள் பக்கத்தில் அழ வேண்டியது எதுவும் மிச்சமில்லை, நீ அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிறபோது வெள்ளிக்கிழமையாகிவிடும். சனிக்கிழமை இரவு வண்டியில் சென்னையிலிருந்து நேரே கோயம்புத்தூருக்கு ஏறு. சூலம் எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை, நீயும் பார்க்காதே. ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கு. திங்கட்கிழமை வகுப்புக்குள் போனதும் உன் முதல் எழுத்தும் கோணலாக விழும். விழட்டும், பிள்ளைகள் சிரிக்கட்டும், நீயும் சேர்ந்து சிரி. தசராவுக்குப் பள்ளிக்கூடம் மூடுகிறபோது எங்களால் பொறுக்க முடியாமல் நாங்களே அங்கே வந்து நின்றாலும் ஆச்சரியப்படாதே. உன்னைப் பார்க்க வேண்டும் என்று ரொம்பவும் ஆசையாக இருக்கிறது, அம்மா.

வராதே.

உன் அப்பா